தொலைக்காட்சி உஷ்ண நிர்ணயம்

சூடேறும் தொலைக்காட்சிப் பெட்டியைப் பழுதுபார்ப்பதா, கழித்துவிட்டுப் புதிது வாங்குவதா என்னும் வினா, சேலம் நாமக்கல் சமவெளியில் சித்திரைதோறும் எழுந்து ஆடிக்காற்றோடு அடங்கிவிடும் இயல்பினதாகலின், அறிஞர் எவரும் இதனை உரிய கனத்தோடு விசாரித்தாரில்லை. அக்குறையைப் போக்கவே இச்சிறு நூல் எழுந்தது.

சேர்வராயனும் கஞ்சமலையும் ஜருகுமலையும் சுற்றி நிற்க, கோடையில் நாற்பது டிகிரியைச் சர்வசாதாரணமாய்த் தாண்டும் சேலத்தில், பெட்டி சூடாயிற்றா ஊர் சூடாயிற்றா என்பதையே முதற்கண் நிர்ணயிக்க வேண்டும். இதற்குப் பிரமாணம் மூன்று. பிரத்தியக்ஷம், பெட்டியின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்த்தல். அனுமானம், கருகல் வாசனை. ஆப்தவாக்கியம், மெக்கானிக் சொல்வது. அது "கண்டன்சர் உப்பிப்போச்சுங்க" என்றும் "பேனல் போயிருச்சுங்க" என்றும் இருவகைப்படும்.

இனிக் காரணம். பெட்டியைச் சுவரோடு ஒட்டி மாடத்துக்குள் செருகுதலும், அதன் தலைமேல் பின்னல் துணி விரித்து அத்துணிமேல் தலையாட்டிப் பொம்மையை எழுந்தருளச் செய்தலும் பொதுக்காரணங்கள். திருச்செங்கோடு, பள்ளிபாளையம் பக்கங்களில் விசைத்தறிப் பஞ்சு காற்றுத் துளைகளில் படிந்து அடைத்துக்கொள்வது சிறப்புக்காரணம். உள்ளே உஷ்ணம் பத்து டிகிரி ஏறுந்தோறும் கண்டன்சரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலார் கணக்கு. இஃது உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருத்தலின் ஆராய்ச்சிக்கு உரியதன்று.

சரித்திரப் பகுதிக்கு வருவோம். 2006 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. 2011 செப்டம்பர் 15 அன்று மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கத் தொடங்கிற்று. இரண்டும் ஒரே மாதம், ஒரே தேதி. ஆகவே முன்னர்க் கொடுத்த பெட்டி சூடேறியதை அறிந்தே பின்னர் மின்விசிறி கொடுக்கப்பட்டதென்றும், இரண்டுக்கும் கர்த்தா ஒருவரே என்றும் ஒரு பக்ஷம் உண்டு. முன்னது தி.மு.க. ஆட்சி, பின்னது அ.தி.மு.க. ஆட்சி, இரண்டுக்கும் பொதுவானது அண்ணாவின் பிறந்தநாள் ஒன்றே என்று காட்டி மறுப்பாரும் உளர். ஆயினும் இதனினும் மெல்லிய நூலைப் பற்றிக்கொண்டு இரு காப்பியங்களுக்கு ஓர் ஆசிரியரைக் கற்பித்தவர்கள் பொன்னாடை பெற்றிருக்கிறார்கள்.

சித்தாந்தத்துக்கு மூலாதாரம் ஒரு ரசீது. எம் குடும்பச் சுவடிச்சாலையில், அதாவது பீரோவின் மேல்தட்டில் மஞ்சள்பையில் கிடைத்த இவ்வேடு, முந்தைய பழுதுக்குக் கொடுத்த கூலியைக் கூறுவது. பின்னிரண்டு இலக்கங்கள் ஐந்தும் சுன்னமும் என்பதில் விவாதமில்லை. முதல் இலக்கமோ நீர்பட்டுக் கலங்கி, மூன்றெனவும் எட்டெனவும் தோன்றுகிறது. முந்நூற்றைம்பதாயின் இம்முறையும் பழுதுபார்க்கலாம். எண்ணூற்றைம்பதாயின் யோசிக்க வேண்டும். மூன்றெனக் கொள்வார்க்கு ஆதாரம் மளிகை நோட்டின் பின்னட்டை உட்புறத்தில், மஞ்சட்கறைக்கு இருவிரற்கடை கீழே காணும் குறிப்பு. எட்டெனக் கொள்வார்க்கு ஆதாரம் அம்மளிகை நோட்டுக்கு மாமனார் இயற்றிய விருத்தியுரை. அவ்விருத்திக்கு மைத்துனர் தினசரிக் காலண்டரின் ஐப்பசித் தாள்களில் வரைந்த கண்டனம். அக்கண்டனத்தைப் பருப்பு கடைந்தபடியே மாமியார் வாய்மொழியாகத் தகர்த்தருளிய கண்டனகண்டனம். அதற்குப் பால்கணக்கு அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டு, பாதி அழிந்து, எஞ்சிய பாதியும் வேறு விஷயத்தைப் பற்றியதாயுள்ள அரும்பதவுரை. ஓர் எழுத்தின் சுழியை நம்பிப் புலவரொருவர் காலத்தை ஐந்நூறு ஆண்டு முன்னும் பின்னும் நகர்த்துவோர் நம்மிடையே மதிப்புடன் உலவுகையில், ஓர் இலக்கத்தை நம்பி ஐந்நூறு ரூபாயை நகர்த்துவோரைப் பழிப்பது நியாயமாகாது.

"ரசீது எழுதுன மெக்கானிக் அண்ணன் பக்கத்துத் தெருவுலதானே இருக்காரு, கேட்டுட்டு வரட்டுங்களா?" என்றாள் வீட்டுப் பேத்தி. உயிரோடிருக்கும் ஆசிரியரிடம் போய்ப் பொருள் கேட்பது ஆராய்ச்சி முறைக்கு முற்றும் விரோதம் என்று எடுத்துரைத்து அவளை உட்கார வைத்தோம்.

மாற்றுதல் பற்றி: பணம் வேண்டும்.

இனி முடிபு. தூசியாயின் துடைக்க. கண்டன்சராயின், எக்காலத்து எவ்வகைப் பெட்டியாயினும், பழுதுபார்க்க. உதிரி விலை சொற்பம். பேனல் போயிருந்தால், அதன் விலை புதுப்பெட்டி விலையை நெருங்குமாதலின், மாற்றுக. பழைய குழாய்ப் பெட்டியாயின், கழிக்கும்போது காயலான்கடையில் உடைக்கக் கொடாது மின்கழிவு சேகரிப்போரிடம் சேர்க்க. அக்கண்ணாடியில் ஈயம் உண்டு. ஆராய்ச்சி ஆர்வத்தால் அதன் முதுகைத் தாமே திறந்து பார்த்தல் கூடாது: குழாய்க்குச் செல்லும் மின்னழுத்தம் இருபதாயிரம் வோல்ட்டை எட்டுவது, சுவிட்சை அணைத்த பின்னும் நெடுநேரம் உள்ளே தங்கி நிற்கக்கூடியது. வாசகர்கள் மெக்கானிக் வரும்வரை பொம்மையை இறக்கி வைத்து, பின்னல் துணியை எடுத்துவிட்டு, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுத்து வைத்திருப்பார்களாக.