அழுத்தியும் அசையாமை: குச்சனூர் நோக்கில் ஓர் ஆய்வு

வீட்டில் செய்த வீடியோ கேம் பெட்டியில் பட்டனை அழுத்தியும் திரையில் ஆள் நகராத நிலை ‘அழுத்தியும் அசையாமை’ எனப்படும். இதற்குத் தீர்வு கூறுவோர் மூன்று மரபினர். பட்டனை இன்னும் ஓங்கிக் குத்துவோர் முதல் மரபு. கடைசியாக விளையாடிய தம்பியைப் பிடித்து விசாரிப்போர் இரண்டாம் மரபு. சனி பிடித்திருக்கிறது என்போர் மூன்றாம் மரபு. சுரபி நதிக்கரையில் சனீஸ்வரர் சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் தேனி மாவட்டத்துக் குச்சனூரில் மூன்றாவதற்கே செல்வாக்கு அதிகம் இருக்கும் என்பது வெளிப்படை.

அம்மரபைச் சட்டென்று தள்ளிவிடவும் முடியாது. ஜப்பானின் சேகா நிறுவனம் 1994இல் வெளியிட்ட விளையாட்டுக் கருவியின் பெயரே ‘சாட்டர்ன்’, அதாவது சனி. அதே அமைப்பில், கடைகளில் நிற்கும் பெட்டிகளுக்காகச் செய்த போர்டுக்குச் சனியின் துணைக்கோளான டைட்டனின் பெயரை வைத்தார்கள். காக்கையை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள்.

கால அளவும் பொருந்தி வருகிறது. வளர்ப்புத் தந்தையின் துன்பத்தைத் தனக்குத் தரும்படி வேண்டிய சந்திரவதனனைச் சனி ஏழரை நாழிகை மட்டுமே பிடித்ததாகக் குச்சனூர்த் தல வரலாறு கூறும். நாழிகைக்கு 24 நிமிடம் என்றால் ஏழரை நாழிகை 3 மணி நேரம். பின்மூடியைக் கழற்றி, எல்லா வயரும் ஒரே நிறம் என்று கண்டு, தலையில் கைவைத்து உட்காருபவருக்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய அதுவே.

பட்டனுக்கு அடியில் இருப்பது ஒரு மைக்ரோ சுவிட்ச். அதற்கு மூன்று கால்கள்: காமன், நார்மலி ஓப்பன், நார்மலி க்ளோஸ்டு. காமன் காலை கிரவுண்டோடும், நார்மலி ஓப்பன் காலை, பட்டன் அழுந்தியதை விளையாட்டுக்குச் சொல்லும் என்கோடர் போர்டோடும் இணைப்பதே வழக்கம். போர்டு தன் வயரில் 5 வோல்ட்டோ 3.3 வோல்ட்டோ வைத்துக் காத்திருக்கும். பட்டன் அழுந்தியதும் அது கிரவுண்டில் இறங்கிப் பூஜ்யமாகும். அந்தப் பூஜ்யம்தான் போர்டுக்குச் செய்தி. இங்கே வீட்டு டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு ‘கரண்டே வரலை’ என்று தீர்ப்புச் சொல்வோர் உண்டு. டெஸ்டருக்குள் இருக்கும் நியான் பல்பு எரியப் பல பத்து வோல்ட் வேண்டும்; 5 வோல்ட்டுக்கு அது கண் திறக்காது. மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, யுஎஸ்பி வயரைப் பிடுங்கிவிட்டு, ‘பீப்’ கேட்பதே முறை.

பழுதுகளில் தலையாயது கிரவுண்டு அறுதல். ஆறு பட்டன்களின் காமன் கால்களையும் ஒரே வயரில் கோத்துக்கொண்டு போவார்கள். முதல் இரண்டு வேலை செய்து, மூன்று முதல் ஆறு வரை செத்துக் கிடந்தால் குற்றம் அந்த நான்கு பட்டன்களிலும் இல்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் பள்ளத்தாக்கில் இதை விளக்கத் தேவையில்லை: வாய்க்கால் நடுவில் உடைந்தால் தலைமடை நனையும், கடைமடை காயும். உடைப்பைக் கண்டுபிடித்து, அங்கே வயரைச் சுவிட்சின் காலோடு மாட்டும் ஸ்பேட் கிளிப்பை மெல்ல இழுத்துப் பார்த்தால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். கிளிப் வயரின் ரப்பரைக் கவ்வியிருக்கும், செம்பைக் கவ்வியிருக்காது. கடைசிப் பட்டனிலிருந்து இன்னொரு வயரைப் போர்டின் கிரவுண்டுக்கே திருப்பிவிட்டால், பின்னர் ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கமாகப் பாயும். வாய்க்காலுக்கு இந்த வசதி கிடையாது.

ஒரே ஒரு பட்டன் மட்டும் செத்திருந்தால் போர்டில் அதன் முனையைச் சிறு வயர்த் துண்டால் கிரவுண்டோடு தொட வேண்டும். ஆள் குதித்தால் போர்டு நிரபராதி. வயரையோ சுவிட்சையோ பார்க்க வேண்டும். தொடாமலேயே ஆள் ஓயாமல் சுட்டுக்கொண்டிருந்து, பட்டனை அழுத்தும்போது மட்டும் நிறுத்தினால், வயர் நார்மலி க்ளோஸ்டு காலில் மாட்டியிருக்கிறது. தம்பியை விசாரிக்கும் மரபினர் வெற்றி பெறும் இடம் இது ஒன்றே.

ஒருமுறை அழுத்த இருமுறை சுடுவது வேறு வகை. சுவிட்சின் தகடுகள் மோதும்போது சில மில்லி விநாடிகள் துள்ளும். போர்டு அதைப் பொறுத்துக்கொள்ளும். தேய்ந்த தகடு கூடுதலாகத் துள்ளினால் சுவிட்சை மாற்றுவதே வழி. குதிக்கச் சொன்னால் குத்துகிறது என்பது பழுதே அன்று. செட்டிங்கில் பட்டன்களை மறுபடி பதிவு செய்தால் தீரும்.

இவ்வளவும் சரியான பிறகு பின்மூடியை மூடுகையில், ஏதாவதொரு வயர் சட்டத்துக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவில் நசுங்குவது உண்டு. விவரம் தெரிந்தவர்கள் ஆறு ஸ்க்ரூவில் இரண்டை மட்டும் முடுக்கி, மிச்சத்தை மூடியின் மேலேயே வைத்துவிடுவார்கள்.