இலைக்குறியார்

இணையக் கடையில் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை இலை இருக்கிறதா என்று பார்த்து வாங்குபவர் இலைக்குறியார். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்து அடுக்குமாடிகளிலும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலும் அதிகம் காணப்படுகிறார். மாதச் சம்பளம், இரண்டு கிரெடிட் கார்டு, தோளில் துணிப்பை ஆகியவை பொது அடையாளங்கள். பூமி சூடாகிறதே என்ற கவலை இவருக்கு உண்மையாகவே உண்டு. கவலை வரும்போதெல்லாம் ஏதாவது ஆர்டர் செய்துவிடுவார்.

இவருடைய முதல் கருவி தேடுபொறி. பெர்லினில் 2009இல் தொடங்கிய எக்கோசியா, விளம்பர வருமானத்தில் மரம் நடுகிறது. விளம்பரத்தைத் தொட்டால்தான் வருமானம், வருமானம் வந்தால்தான் மரம் என்று தெரிந்த நாள்முதல், கண்ணில் படும் விளம்பரங்களையெல்லாம் கடமையாகத் தொட்டு வருகிறார். அப்படித் தொட்டதில் வீடு வந்து சேர்ந்தவை ஒரு வாஃபிள் மேக்கர், நாலு பேர் படுக்கும் கூடாரம். கூடாரம் பரணில் இருக்கிறது.

இரண்டாவது கருவி பசுமை முத்திரை. வெளி அமைப்புகளின் சான்று பெற்ற பொருள்களுக்கு அமேசான் 2020இல் 'கிளைமேட் பிளெட்ஜ் ஃப்ரெண்ட்லி' என்ற குறியை இடத் தொடங்கியது. இரண்டு பொருள்களில் எது தேவலை என்பதை இத்தகைய குறி சொல்லும். இரண்டில் ஒன்றாவது வேண்டுமா என்பதைச் சொல்லாது. இலைக்குறியார் வீட்டில் பிரிக்காத பிளாஸ்டிக் டூத்பிரஷ்கள் ஆறு இருந்தன. பிளாஸ்டிக் என்ற குற்றத்துக்காக அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு மூங்கில் பிரஷ் நாலு வாங்கினார். பார்சல் வந்ததும் ஸ்கூட்டர் சாவியால் டேப்பைக் கீறித் திறந்தார். அட்டைப்பெட்டிக்குள் இன்னொரு அட்டைப்பெட்டி. அமேசான் தன் இந்தியக் கிடங்குகளின் பேக்கிங்கில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்கை 2020லேயே நிறுத்திவிட்டது. ஆகவே காற்றுப் பைகள் இருந்த இடத்தில் கசக்கிய காகிதம்.

"இங்க பாரு, முழுக்கப் பேப்பர்!"

"நாலு பிரஷ்ஷுக்கு இவ்வளவு பேப்பராங்க?" என்று கேட்ட மனைவிக்கு, மறுசுழற்சி பற்றி ஒரு யூடியூப் லிங்க் அனுப்பப்பட்டது.

மூன்றாவது, வாரம் முழுக்க வாங்கியதை ஒரே நாளில் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லும் வசதி. வண்டி ஒரு நடை வந்தால் போதும், நல்ல ஏற்பாடுதான். இலைக்குறியார் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். செவ்வாய் இரவு வீட்டில் எலுமிச்சம்பழம் இல்லை என்று தெரிந்ததும் பத்து நிமிட டெலிவரி ஆப்பைத் திறந்தார். இரண்டு பழத்துக்கு டெலிவரி கட்டணம் விழும் என்றது ஆப். இலவச டெலிவரிக்கு வேண்டிய தொகையை எட்ட சிப்ஸ் மூன்று பாக்கெட், ஒரு ஐஸ்கிரீம். வந்தது மின்சார ஸ்கூட்டரா என்று பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து நிம்மதி அடைந்தார்.

நான்காவது, அளவு சொல்லும் வசதி. முன்பு வாங்கியதையும் திருப்பியதையும் வைத்து 'உங்களுக்கு எக்ஸ்.எல். பொருந்தும்' என்று ஆப் சொல்கிறது. துணி திரும்பி வருவதைக் குறைப்பது இதன் நோக்கம். இலைக்குறியாரோ கல்யாணத்தின்போது எல் அளவு போட்டவர். ஆகவே ஒரே குர்தாவை எம், எல், எக்ஸ்.எல். என மூன்றாக வரவழைத்து இரண்டைத் திருப்பி அனுப்புவார். திருப்பியது வாங்காததற்குச் சமம் என்பது இவர் கணக்கு. குர்தா போய்வந்த தூரம் அந்தக் கணக்கில் ஏறாது.

இவரைக் காக்கச் சட்டமும் உண்டு. கேட்காமலே பில்லில் நன்கொடையைச் சேர்ப்பது, 'இன்னும் 2 மட்டுமே' என்று பொய் அவசரம் காட்டுவது உள்ளிட்ட 13 தந்திரங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை போட்டது. ஆதாரமில்லாமல் 'இயற்கைக்கு உகந்தது' என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 2024இல் வழிகாட்டு நெறிகள் வந்தன. இரண்டு செய்தியையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டவர் இவரே. இரண்டாவதைப் போட்ட அன்று மாலை, 'இன்னும் 2 மட்டுமே' என்றிருந்த செம்புத் தண்ணீர் பாட்டில்கள் இரண்டையும் வாங்கியவரும் இவரே.

எந்த வசதி இவரிடம் பலிக்கும், எது பலிக்காது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். நட்சத்திரக் குறி பெற்ற ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது பி.இ.இ. என்ற மத்திய அமைப்பு. ஃபில்டர் போட்டுத் தேடி ஐந்து நட்சத்திர ஏசி வாங்கிய இலைக்குறியார், ரிமோட் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், 18க்கு இறக்கிவிட்டு ஆர்கானிக் பருத்திப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

இன்னொன்று, ஆப்பில் வரவழைக்கும் சாப்பாட்டோடு வரும் ஸ்பூன். வேண்டாம் என்று சொன்னவருக்கு மட்டும் நிறுத்துவது பழைய வழக்கம். கேட்டவருக்கு மட்டும் கொடுப்பது என்று ஸொமாட்டோ 2021இல் மாற்றியது. இலைக்குறியார் அந்த மாற்றத்தைக் கவனிக்கவேயில்லை. ஸ்பூன் வரவில்லை; பிரியாணியைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். எந்தத் தடையுமின்றி இவர் குறைத்த குப்பை அது ஒன்றுதான். அதற்காக இவர் ஆப் எதையும் இறக்கவில்லை, இலையைத் தேடவில்லை. ஸ்பூன் கேட்கும் கட்டத்தில் டிக் போடச் சோம்பல்பட்டார், அவ்வளவே. பசுமை வசதிகளை உருவாக்குகிறவர்கள் இவருடைய மனசாட்சியைவிட அந்தச் சோம்பலை நம்பி இறங்குவது உத்தமம்.