எங்கள் சந்துக்குத் தமிழ் வந்த வழி

ரேடியோ வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டியிருந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் வீட்டு லைசென்ஸ் புத்தகம் ரேஷன் கார்டோடு சேர்ந்தே இருக்கும். 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி அது இல்லாமல் ரேடியோ வைத்திருப்பது குற்றம். அப்பா வருஷம் தவறாமல் தபாலாபீசில் பணம் கட்டி ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டு வருவார். இரைச்சலுக்கு நடுவே இலங்கை வானொலியில் தமிழ் கேட்கத்தான் அந்தப் பணம். 1980களின் நடுவில் அந்த லைசென்ஸ் ஒழிந்தது.

டிவி வந்ததும் தமிழ் இன்னும் தூரமாகப் போயிற்று. தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநிலமொழிப் படம் உண்டு. தமிழின் முறைக்காகக் காத்துக் கிடப்போம். வந்த அன்று சந்தில் இருக்கும் ஆச்சிமார் எல்லாம் கோலி என்று நாங்கள் சொல்லும் எங்கள் அறைக்குள்தான்.

1991இல் ஸ்டார் டிவி வந்தது. 1993 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள், சன் டிவி தொடங்கியது. டிஷ் வைத்து வீடுவீடாக வயர் இழுப்பவருக்கென்று நாட்டில் தனிச்சட்டமே அப்போது இல்லை. இருந்தவை 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் அந்த 1933ஆம் ஆண்டுச் சட்டமும்தான். எங்கள் கேபிள்காரரிடம் யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை. “அண்ணாச்சி, சன் டிவி எப்போ வரும்?” என்றுதான் கேட்டார்கள். அதற்குத் தனி டிஷ் வேண்டும் என்றார். வீட்டுக்கு வீடு முன்பணம் சேர்த்துக் கொடுத்தோம். திருநெல்வேலியை விட்டு வந்து ஆண்டுகள் பல ஆன பெண்கள் தமிழில் செய்தி பார்த்தது அப்படித்தான்.

1994 செப்டம்பரில் அவசரச் சட்டம், 1995இல் கேபிள் டிவிச் சட்டம். அதன்படி கேபிள்காரர் தலைமைத் தபாலாபீசில் பதிவு செய்ய வேண்டியிருந்தது, தூர்தர்ஷன் சேனல்கள் இரண்டைக் கட்டாயம் காட்ட வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாநில மொழிச் சேனல் ஒன்றும் சேர்ந்தது. மும்பையில் அது மராத்தி. மராத்திக்கு அந்த இடம் நியாயமானதே. ஆனால் தலைமுறை தலைமுறையாக இந்த நகரத்தின் குப்பையை அள்ளியவர்கள், தோல் பதனிட்டவர்கள் வீட்டில் பேசும் மொழிக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. எந்தத் திருத்தத்திலும் அது வரவில்லை என்பதுதான் என் மனக்குறை.

2012இல் மும்பையில் செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. முறையான கணக்கு வந்தது, படம் தெளிந்தது, நல்லதுதான். ஆனால் எந்தச் சேனல் எந்த எண்ணில் என்ற முடிவு எங்கள் சந்துக்கு வெளியே போயிற்று. முன்பு அண்ணாச்சியின் கதவைத் தட்டிச் சொன்னால் மறுநாள் மாற்றிவிடுவார். 2019இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி வந்தது: அப்போது நூறு சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரி தனி, கட்டணச் சேனல்களுக்குத் தனித்தனி விலை. சன் டிவிக்கு மாதம் 19 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். வேண்டியதை நாமே தேர்ந்துகொள்ளலாம் என்பது உண்மையான உரிமை. ஆனால் அதைப் பயன்படுத்தப் பட்டியலைப் படிக்கத் தெரிய வேண்டும், போனில் அழுத்தத் தெரிய வேண்டும்.

அம்மாவுக்கு அதை நான் செய்து கொடுக்கிறேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பக்கத்து வீட்டு ஆச்சி, போட்டுக் கொடுத்த இந்தித் தொகுப்புக்கே மாதாமாதம் பணம் கட்டுகிறார். அந்தந்த வட்டாரத்தில் வாழ்வோரின் மொழியில் ஒரு சேனலாவது அடிப்படைத் தொகுப்பில் இருக்க வேண்டும் என்று விதியில் சேர்த்தால், அவர் யாரையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.