ஓர் அங்குலம் தள்ளி வையுங்கள்: கேள்வி-பதில்

கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் சொருகி டிஸ்டார்ஷன் போட்டால், கொசு பேட்டில் கொசு மாட்டியது போல் கேட்கிறதே? (ஈரோடு)

டிஸ்டார்ஷனைத் திட்டாதீர்கள். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மளமளவென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் கிளப்புகிற உச்சஸ்தாயிக் குப்பையை இத்தனை காலம் வடிகட்டிக்கொண்டிருந்தது அதுதான். நீங்கள் அதைக் கழற்றிவிட்டீர்கள். ஐ.ஆர். எனப்படும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் அந்த வடிகட்டலை ஒரு குட்டி வேவ் ஃபைலில் அடைத்துத் தருகிறது. ஸ்பீக்கர், பெட்டி, மைக், மைக் நின்ற இடம் நான்கும் அதில் அடக்கம்.

சொந்தமாக ஐ.ஆர். எடுக்க லட்சக்கணக்கில் ஆகுமா? (தஞ்சாவூர்)

கேபினெட்டும் ஆம்பும் மைக்கும் கைவசம் இருந்தால் மிச்சம் இலவசம். ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்ற மென்பொருளுக்குக் காசு கிடையாது. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஏறும் சைன் ஸ்வீப்பை இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டிலிருந்து ஆம்புக்கு அனுப்புங்கள். முன்பக்கம் கிட்டார் சொருகும் ஓட்டையில் அல்ல, பின்பக்கம் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில். முன்பக்கம் சொருகினால் ஆம்பின் பாஸ், ட்ரெபிள் திருகல்களும் ஃபைலில் ஒட்டிக்கொள்ளும். கேபினெட் ‘ஊஊஈஈ’ என்று கத்துவதை மைக் பதிவு செய்யும். அனுப்பியதையும் வந்ததையும் ஒப்பிட்டு மென்பொருள் ஐ.ஆரைப் பிரித்தெடுக்கும். அதற்குப் பெயர் டீகன்வல்யூஷன். அந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை, பயப்படாதீர்கள்.

அந்த ஊளை எதற்கு? ‘டப்’ என்று ஒரு கிளிக் போதாதா? பலூன் உடைத்தால்? (யாழ்ப்பாணம்)

பலூன், கல்யாண மண்டபத்தின் எதிரொலியை அளக்க உதவும். இங்கே சத்தம் போட வேண்டியது கேபினெட், பலூன் அல்ல. கிளிக் கொள்கையளவில் சரிதான். ஆனால் அது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஃபேன் சத்தத்தை மீறும் அளவுக்கு அதை உயர்த்தினால் ஸ்பீக்கர் திணறும். ஸ்வீப் அதே வேலையைப் பத்துப் பதினைந்து நொடிக்குப் பரப்பி நிதானமாகச் செய்கிறது. இன்னொரு லாபம், இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்து ஆஞ்சலோ ஃபரினா 2000-இல் விளக்கியது: எக்ஸ்போனென்ஷியல் ஸ்வீப்பில் அளந்தால், ஸ்பீக்கரின் சொந்த டிஸ்டார்ஷன் முழுக்க அசல் துடிப்புக்கு முன்னால் தனியாகப் போய் நிற்கும். வெட்டி எறிந்துவிடலாம். ஸ்வீப்புக்கு நடுவே குக்கர் விசில் அடித்தால் மட்டும் சமாதானம் ஆகாதீர்கள். அந்த விசில் ஐ.ஆருக்குள் இழுபட்டுப் பரவிவிடும். மறுபடி எடுங்கள்.

மைக்கை எங்கே வைப்பது? (மதுரை)

இதைக் கேட்டீர்களே, நீங்கள் உருப்படுவீர்கள்! எல்லாரும் எந்த மென்பொருள் என்றே கேட்கிறார்கள். நல்ல ஐ.ஆருக்கும் சொத்தை ஐ.ஆருக்கும் நடுவில் பெரும்பாலும் ஓர் அங்குலம்தான் இருக்கிறது.

கேபினெட்டின் முன் துணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் குமிழ் மாதிரி டஸ்ட் கேப் தெரியும். மைக் அதன் மையத்தைப் பார்த்தால் காது குத்தும் பளீர். கோனின் வெளி விளிம்பைப் பார்த்தால் இருட்டு. கேப்பும் கோனும் சேரும் கோட்டில் தொடங்குங்கள். 1965-இல் வந்த ஷூர் எஸ்.எம்.57 இன்றும் இந்த வேலைக்குப் போதும். துணிக்கு மிக நெருங்கினால் பாஸ் கூடும். கொஞ்சம் பின்னால் இழுத்தால் குறையும்.

இடத்தைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் ஹெட்ஃபோன் மாட்டி வாசியுங்கள், வீட்டில் யாரையாவது மைக்கை அரை அரை அங்குலமாக நகர்த்தச் சொல்லுங்கள். ‘அங்கேயே நிறுத்து!’ என்று கத்தத் தோன்றும் இடம் வரும். அங்கே ஸ்வீப்பை ஓட்டுங்கள். நாலு ஸ்பீக்கர் கேபினெட் என்றால் நாலையும் கேட்டுப் பாருங்கள். நான்கும் ஒன்றுபோல் ஒலிக்காது.

இரண்டு மைக் வைத்தால் இரட்டிப்பு நன்றாக இருக்குமா? (மட்டக்களப்பு)

இருக்கலாம், காணாமலும் போகலாம். ஒன்றை விட மற்றொன்று 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், இரண்டையும் கலக்கும்போது 1,700 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கிட்டாரின் முகமே அங்கேதான் இருக்கிறது. ஸ்வீடனின் ஸ்டுடியோ ஃப்ரெட்மேன் பெயரில் புழங்கும் முறையில் இரண்டு 57-கள் பக்கத்தில் பக்கத்தில், ஒன்று நேராக, ஒன்று சாய்வாக நிற்கும். தூரம் சமமாக இருப்பதால் சண்டை குறைவு.

ஃபைல் எவ்வளவு நீளம் வேண்டும்? (கோவை)

48,000 சாம்பிள் ரேட்டில் 2,048 சாம்பிள், அதாவது சுமார் 43 மில்லிசெகண்ட். பெரும்பாலானோருக்குப் போதும். தொடக்கத்தில் இருக்கும் மௌனத்தை வெட்டுங்கள், இல்லையென்றால் வாசிப்பது தாமதமாகக் கேட்கும். வாலைச் சட்டென்று நறுக்காமல் ஃபேட் செய்யுங்கள்.

48-இல் எடுத்ததை 44.1 ப்ராஜெக்டில் போட்டால்? (சேலம்)

நல்ல ப்ளக்-இன் தானே மாற்றிக்கொள்ளும். மாற்றாவிட்டால் கேபினெட்டின் குணம் மொத்தமும் எட்டு சதவீதம் கீழே இறங்கும். கேபினெட்டுக்கு ஜலதோஷம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் கோனைப் பிளேடால் கிழித்து வாசித்தாராமே. அந்த ஒலியை ஐ.ஆரில் பிடிக்கலாமா? (நாகர்கோவில்)

1964-இன் ‘யூ ரியலி காட் மீ’க்காகக் கிழித்தார், உண்மை. ஆனால் பிடிக்க முடியாது. மெதுவாக வாசித்தாலும் ஓங்கி வாசித்தாலும் ஐ.ஆர். ஒரே மாதிரிதான் வடிகட்டும். கிழிந்த கோனின் படபடப்பு சத்தத்துக்குச் சத்தம் மாறும். பிளேடைக் கீழே வையுங்கள்.

டியூப் ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை இன்டர்ஃபேஸில் சொருகி, மேலே ஐ.ஆர். போடலாமா? (வேலூர்)

ஒரே நாளில் இரண்டு காரியம் செய்ய வசதி இருந்தால் சொருகலாம். இன்டர்ஃபேஸ் முதலில் போகும். லோடு இல்லாத ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் துணைக்குப் போகும். லோட் பாக்ஸ் வாங்குங்கள்.

5,000 ஐ.ஆர். சேர்த்து வைத்திருக்கிறேன். எது சிறந்தது? (திருச்சி)

ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தாலும் 83 மணி நேரம் ஆகும். அதற்குள் ஒரு பாட்டையே முடித்துவிடலாம். மூன்றை வைத்துக்கொண்டு மீதியை அழியுங்கள்.

ஐ.ஆரோடு மேடையில் ஆம்பில் வாசித்தேன், ஒலி மந்தம். ஐ.ஆர். சரியில்லையா? (புதுச்சேரி)

ஐ.ஆர். பிரமாதம், இடம்தான் தப்பு. ஐ.ஆருக்குள் ஒரு ஸ்பீக்கர், ஆம்பில் இன்னொரு ஸ்பீக்கர். இரண்டு முறை வடிகட்டினால் மிஞ்சுவது என்ன? பி.ஏ. சிஸ்டத்துக்குப் போகும் லைனில் மட்டும் ஐ.ஆர். இருக்கட்டும். ஆம்புக்குப் போகும் லைனில் அணைத்துவிடுங்கள்.