மணலில் வரைந்த வளையி

எண்பதுகளின் தொடக்கத்தில் மன்னார்த் தீவில் உயர்தரம் படித்தவர்களுக்கு ஞாபகமிருக்கும், பாடக்குறிப்பு என்பது அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் பொருள். அங்கே ஏதோவொரு ரியூட்டரியில் ரோனியோ அடித்த தாள்கள், யாரோ ஒருவருடைய மாமாவின் பைக்குள் மடிந்து கிடந்து வரும்போதே ஓரம் நமத்து மை ஊறி, ‘ட’ எது ‘ப’ எது என்று தெரியாமல் போயிருக்கும். அந்த ஒரேயொரு கட்டைத்தான் பேசாலை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி என்று முறைவைத்துக் கொப்பியில் எழுதி எடுத்தோம். குப்பி விளக்கடியில் விரல் வலிக்க எழுதியதில் பாதி அப்போதே மனப்பாடமாகிவிடும்.

விளங்காத மீதியைக் கடற்கரைக்குக் கொண்டுபோவோம். நிலவு நாளென்றால் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தடியில் உட்கார்ந்து, ஒருவன் பனைமட்டையால் ஈரமணலில் பொருளியல் பாடத்துக் கேள்வி வளையியைக் கீறுவான், மற்றவன் அதை வெட்டி நிரம்பல் வளையியைக் கீறுவான், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிப்பியை வைப்போம். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருநாள் எட்டிப்பார்த்து, “தம்பி, காலையில பாரை விலை ஏறி மத்தியானம் விழுறதுக்குத்தானா இவ்வளவு கோடு?” என்று கேட்டார். அதற்குப் பிறகு சந்தைச் சமநிலையை நான் ஒருநாளும் மறக்கவில்லை. அந்த வட்டத்தில் மிக அழகாக வளையி கீறியவன் எருக்கலம்பிட்டிக்காரன். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது அவன் குடும்பமும் புத்தளம் பக்கம் போனது. கொப்பிகள் அவனிடமும் மிஞ்சவில்லை, எங்களிடமும் மிஞ்சவில்லை.

இப்போது 2010இல் கட்டிய பாலத்தால் பஸ் தடையில்லாமல் வருகிறது, 2015இல் தலைமன்னாருக்கு மறுபடி ரயிலும் வந்தது. ஆனால் பாடம் வருவதற்கு இரண்டும் வேண்டியதில்லை. என் மருமகள் திண்ணையில் இருந்தபடியே யேல் பல்கலைக்கழகத்து ரொபர்ட் ஷில்லரிடம் நிதிச்சந்தை படிக்கிறாள். 2013இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவளுடைய கைபேசிக்குள் வந்து நின்று பேசுகிறார், ஒரு சதமும் கேட்பதில்லை. ஹார்வர்டின் மைக்கேல் சாண்டெல் நீதி என்றால் என்ன என்று கேட்கிறார், யேலின் லோரி சான்டோஸ் மகிழ்ச்சிக்கு வழி சொல்கிறார். 2012இல் கோர்செரா, எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளங்கள் தொடங்கியபோது, கல்விக்கு இனி மதிலே இல்லை என்று உலகம் முழுவதும் பேசினார்கள். ஒரு கட்டுத் தாளுக்கு வரிசையில் நின்ற எனக்கு அதைப் பார்க்க நெஞ்சு நிறைகிறது.

“முடிச்சிட்டியா பிள்ளை?” என்று கேட்டேன். “இல்லை மாமா, மூன்றாவது கிழமையோட நிண்டுட்டுது” என்றாள்.

அவளை மட்டும் குறை சொல்லக்கூடாது. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 3 பேரளவில்தான் பாடத்தை முடித்திருந்தார்கள்; சான்றிதழுக்குக் காசு கட்டியவர்களிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் முடித்திருந்தார்கள். காசு கட்டலாம்தான், ஆனால் அது டொலரில் அல்லவா கேட்கிறது. 2022இல் சில கிழமைகளுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போன நாட்டில், கேட்பது இலவசம், கேட்டதற்கு அத்தாட்சி காசுக்கு என்பது மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை. மொழி அதைவிடப் பெரிய தடை. பாக்குநீரிணைக்கு அந்தப்பக்கம், 30 கிலோமீற்றர் தள்ளி, இந்தியா 2017இல் சுவயம் என்ற இதேபோன்ற தளத்தைத் தொடங்கியது. ஐஐடிகளின் பாடங்கள் சிலவற்றைத் தமிழாக்கியும் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதை யாராவது சொல்லியிருப்பார்கள்?

சுகாதாரப் பாடத்தில் வேறொரு குறையும் தெரிகிறது. 2020 மே மாதம் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் கொரோனாத் தொடர்பாளர்களைத் தேடிக் கண்டறியும் பாடத்தை இலவசமாகவே திறந்தது, உலகமெங்கும் ஆட்கள் சேர்ந்தார்கள், அருமையான பாடம் அது. ஆனாலும் எங்கள் ஊருக்குச் சைக்கிளில் வந்த குடும்பநல மருத்துவமாது, பூவரசின் கீழே தாய்மாரை இருத்தி, வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனியைக் கரைக்கும் விதத்தை ஒரு தாயின் கையாலேயே செய்யவைத்துக் காட்டியதை எண்ணிப் பார்க்கிறேன். தண்ணீர் கூடினால் உடனே கையைப் பிடிப்பார். எந்தக் காணொளி அப்படிப் பிடிக்கும்?

எங்களிடம் பாடம் குறைவாக இருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தது. இன்றைய பிள்ளைகளிடம் பாடம் கடலளவு, பக்கத்தில் ஆளில்லை. இரண்டும் சேர்ந்து வருவது நடக்காத காரியமல்ல. பிரதேசசபை நூலகங்களில் கிழமைக்கு ஒரு பின்னேரம் ஒரு திரையும் பத்துக் கதிரையும் போதும். ஆங்கிலம் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இடையிடையே நிறுத்தித் தமிழில் சொன்னால் போதும். இதை வாசிக்கும் ஆசிரியர்களே, அந்தப் பின்னேரத்தைத் தாருங்கள். பிள்ளைகளே, எந்தப் பாடத்திலும் தனியாகச் சேராதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு சேருங்கள்.