ரோமானிய வாள் இலக்கணம்: குறிலும் நெடிலும்

ரோமானியப் படைவாள் இருவகைப்படும்: குறில், நெடில். குறிலைக் கிளாடியஸ் என்றும் நெடிலை ஸ்பாதா என்றும் வழங்குப. இத்தோடு இலக்கணம் முடிந்திருந்தால் மாணாக்கர் பிழைப்பர். உரையாசிரியர் பட்டினி கிடப்பர்.

முதற்கண், குறில் பிறக்கும்போது அவ்வளவு குறிலாக இல்லை. கிளாடியஸ் ஹிஸ்பானியென்சிஸ் என்ற பெயரே அது ஸ்பெயின் பக்கத்துத் திசைச்சொல் என்பதைக் காட்டும். அலகு 60 செ.மீ.க்கும் மேல். குத்தவும் வெட்டவும் ஆகும் என்பார் வரலாற்றாசிரியர் பொலிபியஸ். கி.மு. 200இல் இவ்வாளுக்குப் பலியான தம் வீரரின் உடல்களைப் பார்த்து மக்கெதோனியர் நடுங்கியதாக லிவி எழுதுகிறார். பகாப்பதமாய்ப் போனவர் பகுபதமாய்த் திரும்பினால் யாருக்குத்தான் நடுக்கம் வராது?

அடுத்து வந்தது குறுக்கம். இடை சிறுத்து முனை நீண்டது மைன்ஸ் வகை. அலகு ஏறக்குறைய 50 செ.மீ. இரு விளிம்பும் நேராக ஓடி முனை குட்டையானது பாம்ப்பெய் வகை. ஃபுல்ஹாம் வகை இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

இவை இடுகுறிப்பெயரா, காரணப்பெயரா எனின், காரணப்பெயரே. காரணமாவது, வாள் கிடைத்த இடம். அதாவது, வாள்காரன் தொலைத்த இடம். ஃபுல்ஹாம் வாள் தேம்ஸ் ஆற்றில் கிடைத்தது. பேருந்தில் மறந்த குடைக்குப் பணிமனையின் பெயரை வைப்பது போன்ற புலமை இது. உன் இடுப்பில் தொங்குவது பாம்ப்பெய் வகை என்று ரைன் நதிக்கரைக் காவலாளியிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். அவனுக்கு எல்லாம் கிளாடியஸ்தான்.

புறனடை: தீட்டத் தீட்ட வாள் தேயும். இருபது ஆண்டுச் சேவையில் சாணைக்கல் தின்றது போக எஞ்சிய மைன்ஸ் வாளை எவ்வகையில் சேர்ப்பது? நூற்பா இல்லை. அருங்காட்சியகத்தார் அட்டை எழுதிச் சமாளித்துக்கொள்க.

நெடில் குதிரைவீரனுடையது. மேலிருந்து எட்டி வெட்டுகிறவனுக்கு முழம் போதாது. பிரிட்டன் போரை எழுதும் தாசிட்டஸ், லெகியன் எனும் முதன்மைப் படையணியார் கையில் கிளாடியஸையும் துணைப்படையார் கையில் ஸ்பாதாவையும் தந்து சாதிவேறுபாடு காட்டுவார். அது நிலைக்கவில்லை. கி.பி. 2, 3ஆம் நூற்றாண்டுகளில் காலாளும் நெடிலுக்கு மாறினான், குறில் வழக்கொழிந்தது.

ஸ்பாதா கிரேக்கச் சொல். தறியில் ஊடையை அடித்து நெருக்கும் தட்டைக் கட்டைக்கும் அதுவே பெயர். அச்சொல் இத்தாலியில் ஸ்பாடாவாகி, சீட்டுக்கட்டில் ஏறி, ஆங்கிலம் வழியாக நம்மிடம் இஸ்பேட் ஆயிற்று. படத்தில் இருப்பது இலைபோலத் தோன்றினும், ரம்மியில் இஸ்பேட் ராணியை வீசுகிறவர் வீசுவது நெடிலே என்க.