நீல வெளிச்சத்துல ஒரு மாப்பிள்ளை

என்னலே பேராண்டி, மூஞ்சியில ஒரு முகமூடி, அதுக்குள்ள நீல லைட்டு, கட்டில்ல மல்லாக்க அசையாமக் கெடக்கே! எட்டிப் பாத்த உங்காத்தா அலறிட்டா. கேட்டா, பருவுக்கு லைட் தெரபிங்கே. கன்னத்துல இருக்கிறது நாலு பரு. அதுக்கு இம்புட்டு கரண்டா?

லைட்டுல என்ன மருந்துன்னு கெழவன் கேப்பான்னுதானே நெனச்சே? கேக்க மாட்டேன். வெளிச்சம் மருந்துதான். பொறந்த புள்ளைக்கு மஞ்சக்காமாலைன்னா ஆஸ்பத்திரியில நீல விளக்குக்கு அடியிலதான் போடுதாங்க. டென்மார்க்குல நீல்ஸ் ஃபின்சன்னு ஒரு டாக்டர், தோல்ல வந்த காசநோயை வெளிச்சத்தாலயே ஆத்துனாரு. 1903ல நோபல் பரிசு குடுத்தாங்க. அம்புட்டுத் தூரம் எதுக்கு? வெண்புள்ளிக்குக் கார்போகரிசியை அரைச்சுப் பூசி வெயில் காட்டுறது நம்ம நாட்டு வைத்தியம். அந்த விதையில இருக்கிற சோராலன் வகை மருந்தைக் குடுத்து ஆஸ்பத்திரியிலயும் புற ஊதா வெளிச்சம் காட்டுறதுண்டு. அளவு தப்புனா தோலு வெந்துபோகும், அது வேற.

அப்ப வெயில்ல போயி நின்னாப் போதுமான்னு கேக்காதே. வெயிலுக்குப் பரு போகும்னா ராஜபாளையத்துல ஒருத்தன் மூஞ்சியிலயும் பரு இருக்கக் கூடாதே! நம்ம தோலுக்கு வெயில் பட்டா, பரு இருந்த இடமெல்லாம் கறுத்துத் தழும்பா நிக்கும். அம்புட்டுத்தான் மிச்சம்.

உன் லைட்டு என்ன செய்யுதுன்னு சொல்லுதேன், கேட்டுக்கோ. பருவுக்குள்ள ஒரு கிருமி குடியிருக்கு. அது போர்ஃபிரின்னு ஒரு சரக்கு செஞ்சு வச்சிருக்கு. 415 நானோமீட்டர் வாக்குல நீல வெளிச்சம் பட்டா, அந்தச் சரக்கே கிருமியைச் சுட்டுருது. நானோமீட்டரை அளக்க எங்கிட்டக் கோல் இல்லை, படிச்சவங்க சொல்லுதாங்க. செவப்பு லைட்டையும் சேர்த்தா வீக்கம் வத்துமாம். சரிதான். ஆனா கிருமி மட்டுமா பரு? உள்ள எண்ணெய் சுரக்குது, தொளை அடைக்குது. அதை உன் நீல லைட்டு என்ன பண்ணும்? கரும்புள்ளியை அசைக்குமா? லைட்டை நிப்பாட்டுன கொஞ்ச நாள்ல கிருமி பொட்டி படுக்கையோட திரும்பி வந்துரும். நீ மறுபடி மல்லாந்துக்குவே.

காக்ரேன்னு மருந்து ஆராய்ச்சியை எல்லாம் சலிச்சுப் பாக்குற ஒரு கூட்டம் இருக்கு. 2016ல 71 ஆராய்ச்சி, 4,200 பேருக்கு மேல, எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தாங்க. இந்த லைட்டு நல்லாக் கேக்குதுன்னு அடிச்சுச் சொல்ற அளவுக்குச் சாட்சி பத்தாதுன்னுட்டாங்க. 2019ல நியூட்ரோஜினா கம்பெனி தன்னோட லைட்டு முகமூடியைத் திரும்ப வாங்கிக்கிட்டுது. ஏற்கனவே கண்ணுல கோளாறு உள்ளவங்களுக்கும், வெளிச்சம் ஒத்துக்காத மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் கண்ணு கெட்டுறக் கூடாதேன்னு. உனக்குப் பருவுக்குன்னு டாக்ஸிசைக்ளின் மாத்திரை யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா? அதைத் தின்னுட்டு வெளியில போனா வெயில் சுள்ளுன்னு சுடும். இதெல்லாம் அந்த அட்டைப்பெட்டி மேல பெரிய எழுத்துலயா போட்டிருக்கான்?

ஒரு வகையில நீ தேவலை. உன் கூட்டாளி மெடிக்கல் ஷாப்புல கை நீட்டி ஒரு கிரீம் வாங்கிப் பூசுதானே, அதுதான் எனக்கு வயித்தக் கலக்குது. மூணே நாள்ல மூஞ்சி பளபளங்கும், மாப்பிள்ளைக் களை வந்துரும். ஒரு மாசம் கழிச்சுப் பாரு, கன்னம் செவந்து, தோலு பேப்பராட்டம் இளைச்சு, பரு முன்ன விடக் கூட்டமா நிக்கும். ஸ்டீராய்டு வேலை அது. டாக்டர் சீட்டு இல்லாமக் குடுக்கக் கூடாதுன்னு 2018லயே சர்க்கார் சட்டம் போட்டாச்சு. சட்டம் ஒரு பக்கம் இருக்கு, ட்யூப் ஒரு பக்கம் ஓடுது. "வெள்ளையாவுறதுக்கு ஒண்ணு குடுங்கண்ணே"ன்னு நீங்க கேக்குற வரைக்கும் அவன் குடுக்கத்தான் செய்வான்.

அந்தப் பால்கோவாவையும் கொஞ்சம் கொறை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் கோவிச்சுக்குவான், கோவிக்கட்டும். சீனி கூடுனா பரு கூடும்னு டாக்டர்களே சொல்லுதாங்க, பாலையும் சந்தேகப்படுதாங்க. நீ ரெண்டையும் சேர்த்துக் கால் கிலோவா உள்ள தள்ளிட்டு, மேல விளக்கேத்தி வச்சிருக்கே.

விருதுநகர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கன தோல் டாக்டரைப் பாரு. பென்சாயில் பெராக்சைடோ அடாப்பலினோ ஒரு சின்ன ட்யூப் குடுப்பாங்க. மொதல்ல எரியும், தோலு உரியும், அதுக்காகத் தூக்கிப் போட்டுறாதே. அழுத்தித் தேய்க்காதே, கிள்ளாதே, மூணு மாசம் பொறு. அதுக்கும் கேக்கலைன்னு டாக்டரே லைட்டு வைக்கச் சொன்னா வச்சுக்கோ, கண்ணை மட்டும் நல்லா மூடிக்கோ. இப்ப எந்திரி, அதைக் கழட்டி வச்சுட்டு உங்காத்தாவுக்கு ஒரு கொடம் தண்ணி எடுத்துக் குடு.